கோடாலிக்குப் பயந்த பத்தை

ரொறன்ரோவுக்கு வந்திறங்கிய தமிழர்களில் பத்தையரைப் போல ஒரு விசரனை நான் இன்னும் சந்திக்கவில்லை. சந்திக்கிற விருப்பமும் இல்லை. ஒரு ஆயுளுக்கு ஒரு பத்தையர் போதும், அதற்கு மேல் மனிதனுக்குத் தாங்காது.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. நல்ல, நீளமான, முருகனுடைய பெயர். ஆனால் அதைச் சொல்லி விசாரித்தால், அவருடன் ஒரே பேஸ்மென்றில் படுத்தெழும்பியவர்களே 'அது ஆர்?' என்று கேட்பார்கள். பத்தையர் என்று சொல்லுங்கள், ஸ்காபரோவில் எங்கள் வட்டாரத்துப் பழைய ஆட்கள் உடனே மூக்கைப் பொத்துவார்கள். ஏன் மூக்கு என்பதைப் பிறகு சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் யோகம் அண்ணையின் வீட்டு பேஸ்மென்றில் வாடகைக்கு இருந்தோம். யோகம் அண்ணை எங்களுக்கு முன்னமே கனடா வந்து வீடு வாங்கியவர். வீடு வாங்கின கதையைக் கேட்க ஆள் வேண்டுமென்பதற்காகவே எங்களைக் கீழே வைத்திருந்தார் என்பது என்னுடைய அபிப்பிராயம். கீழே நாங்கள் நாலு பேர். மூன்று பேருக்கு ரெஸ்ரோரன்ற்றுகளில் கோப்பை கழுவுகிற வேலை. பத்தையருக்கு மட்டும் மார்க்கம் நகரப் பக்கத்தில் பூங்கன்று விற்கிற ஒரு நேர்சரியில் மண் அள்ளுகிற வேலை. அந்த மண்வெட்டியைக் கையில் பிடித்த நாளிலிருந்து தன்னை ஒரு விவசாய அதிகாரி என்றே அவர் நினைத்துக்கொண்டார். ஊரில் அவர் பார்த்தது தபால் கந்தோரில் முத்திரை குத்துகிற வேலை. ஒரு கத்தரிக்கன்றுகூட நட்டு அறியாதவர்.

ஒரு சித்திரை மாதம் வேலையால் வரும்போது கறுப்புக் குப்பைப்பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே நாலைந்து சுள்ளித்தடி, அடியில் ஒரு பிடி மண்.

"என்ன அண்ணை, விறகே?"

"சாஸ்கட்டூன்," என்றார்.

"அது ஊரெல்லே?"

"ஊருக்கே இதின்ர பேரைத்தான் வைச்சவங்கள். மேற்குப் பக்கக் காடுகளில தானா முளைக்கிற பழப்பத்தை, புதர்ச்செடி. மைனஸ் நாப்பதிலயும் சாகாது. இது பிழைக்காது எண்டு நேர்சரிக்காரன் எறிஞ்சவன், நான் எடுத்துக்கொண்டு வந்திட்டன்."

மைனஸ் நாற்பதிலும் சாகாது. ஆனால் பிழைக்காது என்று எறிந்தது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிற மனிதரோடு என்னத்தைக் கதைக்கிறது?

யோகம் அண்ணையின் காலில் விழாத குறையாக நின்று, பின்வளவு வேலிக்கரையில் ஒரு மூலையை வாங்கினார். கிடங்கு வெட்டி நட்டார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வேறு பொழுதுபோக்கு எங்களுக்கு எங்கே இருந்தது?

"எப்ப காய்க்கும்?"

"மூண்டு வருசம். சிலவேளை நாலு."

எனக்கு வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. எங்கள் மற்ற மூன்று பேருக்கும் அகதிக் கேஸ் முடிந்து கனடாக்காரன் ஓம் சொல்லிவிட்டான். பத்தையருடைய கேஸ் மட்டும் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் வவுனியாவில் யாரோ வீட்டு அறை ஒன்றில் இவருடைய வழியைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

"அண்ணை, உங்கட கேஸே முடியேல்லை. நாளைக்குத் திருப்பி அனுப்பினாங்கள் எண்டால் இந்தப் பத்தையை ஆர் பாக்கிறது?"

அவர் மண்ணைக் காலால் மிதித்து இறுக்கிக்கொண்டே சொன்னார்: "அதுக்குத்தான் நடுறன். இது காய்ச்சால் என்ர கேஸும் சரிவரும். காயாட்டில் வராது. நேந்து நட்டிருக்கிறன்."

ஏற்கெனவே ஒரு லோயர் அவரை அலைக்கழித்துக்கொண்டிருந்தார். போதாக்குறைக்கு ஒரு சுள்ளித்தடியையும் லோயராகப் பிடித்துவிட்டார். இரண்டில் எது கெட்டிக்காரன் என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் நான் தடியைக் காட்டியிருக்க மாட்டேன்.

முதல் பனி விழுந்தது. பத்தையர் தன்னுடைய கம்பளிப் போர்வையை எடுத்துப் பத்தைக்குச் சுற்றினார். அதற்கு மேல் யாரோ தானம் கொடுத்த ஜக்கெற். உச்சியில் ஒரு குரங்குத் தொப்பி.

"மைனஸ் நாப்பதிலயும் சாகாது எண்டெல்லே சொன்னனீங்கள்?" என்று கேட்டேன்.

"சாகாது. ஆனா குளிரும்தானே."

குளிருக்கென்றே பிறந்த செடி வெளியே போர்வைக்குள் புழுங்கிக்கொண்டு நிற்க, போர்வையில்லாத பத்தையர் பேஸ்மென்றில் வெறும் சாரத்தோடு நடுங்கிக்கொண்டு கிடந்தார். அவருடைய பல் அடிக்கிற சத்தத்தில் எங்களுக்கு நித்திரை இல்லை. விடியப்புறம் தேத்தண்ணிக் கோப்பையோடு யன்னலைத் திறந்த யோகம் அண்ணையின் மனைவி, வெண்பனிக்குள் ஜக்கெற்றும் தொப்பியும் போட்ட ஒருத்தன் முகமில்லாமல் நிற்பதைக் கண்டு கோப்பையைப் போட்டு உடைத்தார். அந்தக் கோப்பையின் கதையை யோகம் அண்ணை வருசக்கணக்காகச் சொன்னார்.

இரண்டாம் வருசமும் காய்க்கவில்லை. மூன்றாம் வருசமும் வெறும் இலைதான். பத்தையர் முதலில் அரிசி கழுவின தண்ணி ஊற்றினார். பிறகு மீன் கழுவின தண்ணி. அதற்கும் பத்தை மசியவில்லை என்றதும், மீன்கடையில் எறிகிற தலைகளை வாரத்துக்கு ஒரு பை வாங்கிவந்து அடியில் மண்ணுக்குள் தாட்டார்.

ஸ்காபரோவில் எங்கள் ஊர் நரி இல்லாவிட்டாலும் அதைவிட மோசமான சீவன்கள் உண்டு. ரக்கூன்கள் குடும்பத்தோடு வந்து மீன்தலையைக் கிண்டின. அவைக்குப் பின்னால் ஒரு ஸ்கங் வந்தது. பார்க்க வடிவான, கறுப்பு வெள்ளைச் சீவன். வாலைத் தூக்கிப் பீச்சினால் நாற்றத்தில் தெருவையே காலி பண்ணும். யோகம் அண்ணை ஒரு கலியாணத்துக்குப் பட்டுச் சேர்ட்டும் வேட்டியுமாக வெளிக்கிட்டு, பின்பக்கமாகக் காரடிக்குப் போன நேரம், மீன்தலையோடு இருந்த அந்தச் சீவனை 'சூ' என்று கலைத்தார். அது திரும்பி நின்று வாலைத் தூக்கியது.

அன்றைக்கு யோகம் அண்ணை கலியாணத்துக்குப் போகவில்லை. நாங்கள் ஒரு கிழமை எங்கேயும் போகவில்லை. போனாலும் எங்களைச் சுற்றி பஸ்ஸில் நாலு சீற் காலியாகக் கிடந்தது. கோயிலில் வரிசையில் நின்றால் வரிசையே கலைந்து எங்களுக்கு வழி விட்டது. 'இவை பத்தையரின்ர பேஸ்மென்ற் ஆக்கள்' என்று சொல்லிச் சொல்லித்தான் அவருக்கு அந்தப் பெயர் ஊர் முழுக்கப் பரவியது. மூக்கு விஷயம் இதுதான்.

யோகம் அண்ணை நாற்றம் போகத் தக்காளிச் சாற்றில் தோய்ந்துகொண்டே தீர்ப்புச் சொன்னார்.

"இஞ்சை பாரும். வாற ஜூலைக்குள்ள ஒரு பழத்தை என்ர கண்ணில காட்டும். இல்லாட்டி உதைத் தறிச்சுப்போட்டு அந்த மூலையில ஷெட் அடிப்பன்."

பத்தையர் கீழே வந்து கட்டிலில் இருந்தார். அந்தக் கிழமைதான் அவருடைய கேஸ் விசாரணை, ஹியரிங், அடுத்த வருசம் புரட்டாதியில் என்று முடிவாகியிருந்தது. பத்தையைத் தறித்தால் கேஸும் தறிபடும் என்று அந்த மனிதர் மனதார நம்பினார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. படித்த மனிதன், கந்தோரில் இருந்த மனிதன்.

பனிக்காலம் முழுக்க யோசித்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்தார். சித்திரையில், பத்தை துளிர்க்க முதல், என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, ஊரில காய்க்காத பிலாமரத்துக்கு என்ன செய்யிறவை?"

"வெட்டுறவை."

"அதுக்கு முதல்?"

எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. காய்க்காத மரத்துக்குக் கிட்ட ஒருத்தர் கோடாலியோடு போய், 'உன்னை இண்டைக்கு வெட்டுறன்' என்று வெருட்டவேண்டும். இன்னொருத்தர் ஓடிவந்து, 'வேண்டாம், வாற முறை காய்க்கும்' என்று மரத்துக்காகக் கெஞ்சவேண்டும். மரம் பயந்துபோய் அடுத்த போகத்தில் காய்த்துக் கொட்டுமாம். மரத்துக்குக் காது எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

"நீர் வெட்ட வாறவர். நான் மறிக்கிறவன்," என்றார்.

"நான் ஏன் வெட்டுறவன்?"

"உமக்குத்தான் மூஞ்சை அப்பிடி."

கோடாலியை நேர்சரியில் இரவல் வாங்கிப் பேப்பரில் சுற்றி பஸ்ஸிலே கொண்டுவந்தார். இறங்கும்வரை ட்ரைவர் றோட்டைப் பார்க்காமல் கண்ணாடியில் பத்தையரையே பார்த்துக்கொண்டு ஓட்டினாராம். அதையும் அவர் பெருமையாகச் சொன்னார்.

சனிக்கிழமை காலை. யோகம் அண்ணை குடும்பம் கடைக்குப் போய்விட்டது. நான் கோடாலியைத் தூக்கிக்கொண்டு போனேன். வந்ததுக்கு ஒழுங்காகச் செய்வோம் என்று தொண்டையைச் செருமிக்கொண்டு கத்தினேன்.

"காய்க்காத பத்தை எனக்கெதுக்கு? உன்ர கதை இண்டையோட முடிஞ்சுது."

கோடாலியை ஓங்கினேன். பத்தையர் ஓடிவந்து, பத்தைக்கு முன்னால் ஈரப்புல்லில் முழங்காலில் விழுந்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார்.

"ஐயா, வெட்டாதேங்கோ ஐயா. இந்த வருசம் காய்க்கும். நான் பொறுப்பு."

"மூண்டு வருசமாப் பொய் சொன்னது. இனி நம்பமாட்டன்."

"பொய்யில்லை ஐயா. கொஞ்சம் பொறுங்கோ. பழக்கமில்லாத மண், அதாலதான் சுணங்கிப் போச்சு. இப்ப வேர் பிடிச்சிட்டுது ஐயா, விட்டிடுங்கோ. இனிக் கிளப்பினால் செத்துப்போகும். திருப்பி அனுப்பாதேங்கோ ஐயா."

நான் ஓங்கின கோடாலியோடு அப்படியே நின்றேன். பத்தையை ஆர், எங்கே திருப்பி அனுப்புவது? குனிந்து பார்த்தால் மனிதர் அழுதுகொண்டிருந்தார். நடிப்பில்லை. மூக்கால் வடிந்தது. நாலு வருசமாக அந்த ஆள் அழுது நாங்கள் யாரும் கண்டதில்லை. எனக்கு அடுத்த வசனம் மறந்துபோனது.

அந்த நேரத்தில்தான் பொலிஸ் வந்தது.

பக்கத்து வீட்டில் லொரெய்ன் என்ற ஒரு வெள்ளைக்கார அம்மா தனியாக இருந்தார். துளிர்க்காத பத்தை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்தால் கண்ணில் படாது. அவர் கண்டது, கோடாலியை ஓங்கிக்கொண்டு கத்துகிற என்னையும், முன்னால் முழங்காலில் நின்று உயிர்ப்பிச்சை கேட்கிற பத்தையரையும்தான். போன் எடுக்காமல் இருந்தால்தான் பிழை.

இரண்டு பொலிஸ்காரர். கோடாலியைப் போடச் சொன்னார்கள், போட்டேன். அந்த நாளில் எனக்குத் தெரிந்த ஆங்கிலம் கோப்பை கழுவுகிற இடத்தில் பொறுக்கியது.

"வெட்டுறதுக்கில்லை சேர், வெருட்டுறதுக்கு மட்டும்தான்," என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. பெரியவனின் கை உடனே இடுப்புக்குப் போனது. மற்றவன் பத்தையரைப் பார்த்தான்.

"இந்த ஆள் உன்னை வெருட்டினவனா?"

"நான்தான் வெருட்டச் சொன்னனான் சேர்."

"கோடாலி?"

"நான்தான் குடுத்தனான் சேர்."

"ஏன்?"

"காய்க்கிறதுக்கு."

பொலிஸ்காரர் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பத்தையரின் முகம் வெளிறிப்போய் இருந்தது. கேஸ் முடியாத ஆள், வளவுக்குள் பொலிஸ். இனித் தன்னைப் பிடித்து நேரே பிளேனில் ஏற்றப்போகிறார்கள் என்று அவர் முடிவுகட்டிவிட்டது எனக்குத் தெரிந்தது. பத்தையைக் காட்டி, கையாலும் காலாலும் எங்கள் வழக்கத்தை விளங்கப்படுத்தினேன். பெரியவன் நம்பவில்லை. 'அப்படியென்றால் திரும்பச் செய்து காட்டு' என்றான்.

செய்து காட்டினோம். நான் கோடாலியில்லாமல் வெறும் கையை ஓங்கினேன். பத்தையர் முழங்காலில் விழுந்தார். முதல்முறையைவிட இரண்டு மடங்காக அழுதார். பொலிஸுக்குக் கெஞ்சுவதற்கு அவருக்குக் காரணம் இருந்தது. வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்த லொரெய்ன் கண்ணைத் துடைத்தார். பெரியவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டு, 'அடுத்தமுறை கோடாலி இல்லாமல் வெருட்டப் பார்' என்று சொல்லிவிட்டுப் போனான். அன்றிலிருந்து லொரெய்னும் எங்கள் கட்சி. ஒவ்வொரு காலையும் வேலிக்கு மேலால் தலையை நீட்டி, ஏதாவது தெரியுதா என்று கேட்பார்.

வைகாசியில் பத்தை வெள்ளையாகப் பூத்துத் தள்ளியது. நாலாம் வருசம், பூக்கிற காலம், பூத்தது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் பத்தையர் என்னைப் பார்த்து, "கண்டீரே, பயந்திட்டுது," என்றார். ஏதோ என்னுடைய மூஞ்சைக்கு முதல் தடவையாக மதிப்புக் கிடைத்ததுபோல நானும் தலையாட்டினேன்.

பழம் நிறம் மாறத் தொடங்க, நெஞ்சு சிவந்த குருவிகள் வந்தன. பத்தையர் என்னுடைய பாட்டுக் கசற்றுகளை என்னைக் கேளாமலே உடைத்து, ரேப்பை இழுத்துப் பத்தையைச் சுற்றிக் கட்டினார். காற்றுக்கு அது மினுங்கி விர்ரென்று சத்தம் போட்டது. குருவிகள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மற்றப் பக்கத்தால் வந்தன. கடைசியில் மனிதர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வேட்டியை விரித்துப் பிடித்தபடி காவலுக்கு நின்றார். மிஞ்சியது ஒரு சில்வர் ரம்ளரில் முக்கால்வாசிப் பழம்.

சரி, தின்றுபார்ப்போம் என்று கையை நீட்டினேன். கையில் ஒரு அடி போட்டார்.

"முதல் காய் கோயிலுக்கு."

ஃபக்ரறிக் கட்டடங்களுக்கு நடுவில் வாடகைக்கு எடுத்த கோயில். ஐயர் ரம்ளருக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்ன, நாவல்பழமே? சிறுத்துப் போயிருக்கு."

"நாவல் இல்லை ஐயா. இந்த நாட்டுக் காட்டுப்பழம். அர்ச்சனை செய்யவேணும்."

"ஆற்ற பேருக்கு?"

"பத்தையின்ர பேருக்கு."

ஐயர் எத்தனையோ விசரைப் பார்த்தவர். முகம் மாறாமல் நட்சத்திரம் கேட்டார். பத்தையர் நட்ட நாளின் நட்சத்திரத்தைத் தயாராக வைத்திருந்தார்.

வெளியே கார் நிறுத்துகிற இடத்தில், பிரசாதமாகத் திரும்பிவந்த ரம்ளரிலிருந்து ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டார். நாலு வருசம். போர்வை, மீன்தலை, ஸ்கங், பொலிஸ், எல்லாம் இந்த ஒரு பழத்துக்காக. மென்றார். நிறுத்தினார். திரும்ப மென்றார்.

"எப்பிடி அண்ணை?"

கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். "தேன்," என்றார்.

நான் ஒன்றைத் தின்றேன். பச்சைத்தண்ணியில் ஊறின தவிடு மாதிரி, நடுவில் கடிபடுகிற கொட்டையோடு, இனிப்புமில்லாமல் புளிப்புமில்லாமல் ஒரு சாமான். தேன் என்று சொன்ன அந்த முகத்தைப் பார்த்தேன். பொய் என்று அவருக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும்.

ஆனால் பத்தை தப்பியது. யோகம் அண்ணை ஷெட்டுக்குப் பலகை வாங்கப் போகும்போது அவருடைய மனைவி வாசலில் மறித்தார். "கோயிலுக்கு முதல் காய் குடுத்த மரத்தில கை வைச்சால், பிறகு என்னோட கதைக்க வேண்டாம்." தேத்தண்ணிக் கோப்பையை உடைத்த அதே அம்மாதான். யோகம் அண்ணை அதற்குப் பிறகு ஷெட் என்ற சொல்லையே எடுக்கவில்லை.

கோயிலுக்குப் போன பழம் போக, பின்னால் பழுத்ததையெல்லாம் பத்தையர் எங்கள் தலையில் கட்டினார். புட்டுக்குள் பழம். சம்பலுக்குள் பழம். ரசத்துக்குள் பழம் போட்டு ஊதா நிறத்தில் ஒரு தண்ணி. வாய் திறந்தால் நாலு பேருக்கும் நாக்கு நீலம். லொரெய்ன் மட்டும் ஒரு கிண்ணம் வாங்கி மாவுக்குள் வைத்துச் சுட்டு ஒரு பணியாரம் கொண்டுவந்தார். அது நன்றாக இருந்தது. சீனியும் வெண்ணெயும் போட்டால் செருப்பும் நன்றாகத்தான் இருக்கும்.

புரட்டாதியில் ஹியரிங். நான் துணைக்குப் போய் வெளியே வாங்குப்பலகையில் இருந்தேன். கதவு திறந்து பத்தையர் வந்தார். முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. நான் எழும்பி நின்றேன். கிட்ட வந்து என் தோளில் கையை வைத்தார்.

"தம்பி, காய்ச்சிட்டுது."

அதற்குப் பிறகு பஸ்ஸில் வீடு வரும்வரை இரண்டு பேரும் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தோம்.

மனைவியும் பிள்ளைகளும் வந்தார்கள். பிறம்ரனில் வெயர்ஹவுஸ் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு அங்கே போனார். அப்பாடா, தொல்லை விட்டது என்று நினைத்தேன். நான் மார்க்கத்தில் வீடு வாங்கிக் குடிபூந்த அன்றைக்கு எல்லோரும் குத்துவிளக்கும் சுவர்மணிக்கூடும் கொண்டுவந்தார்கள். பத்தையர் கறுப்புக் குப்பைப்பையோடு வந்தார். என்னைக் கேட்காமலே பின்வளவில் நட்டார். பக்கத்தில் ஒரு கோடாலியையும் வைத்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு சித்திரையும் பிறம்ரனிலிருந்து காரில் வந்துவிடுவார். நான் வெருட்டவேண்டும், அவர் கெஞ்சவேண்டும். "அண்ணை, இது போன வருசமும் கொட்டினது," என்றால், "வெருட்டினபடியால்தான்," என்பார். முழங்கால் தேய்ந்து, பிறகு கதிரையில் இருந்துகொண்டு கெஞ்சினார். என் பிள்ளைகள் யன்னலால் பார்த்துத் தங்களுக்குள் ஆங்கிலத்தில் எங்களை என்னவோ சொல்லிச் சிரிப்பார்கள். சொன்னது சரியாகத்தான் இருந்திருக்கும்.

போன மாசியில் பத்தையர் நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்தார். செத்த வீட்டில் அவருடைய முழுப் பெயரைப் போட்டிருந்தார்கள். பாதிப்பேர் மண்டபம் மாறி வந்துவிட்டோமோ என்று வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

இந்தச் சித்திரையில் என் மனைவி, "இனியாவது உதைத் தறிச்சுப்போட்டு நாலு மிளகாய்க்கன்று வைப்பமே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அந்தப் பழம் அன்றைக்கும் ருசியில்லை, இன்றைக்கும் ருசியில்லை. கோடாலியை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனேன். ஓங்கினேன். "காய்க்காத பத்தை எனக்கெதுக்கு?" என்று அடுத்த வீட்டுக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னேன். கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். மறிக்க ஒருத்தரும் வரவில்லை. கோடாலியைப் புல்லில் வைத்துவிட்டு, ஈரத்தில் முழங்காலில் இருந்து, "வேர் பிடிச்சிட்டுது ஐயா, விட்டிடுங்கோ," என்று நானே சொல்லிவிட்டு எழும்பி வந்தேன்.